டாக் வாங்கும் முன் டிவியின் பின்பக்கத்தைப் பாருங்கள்

போன மாதம் தக்கலையிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். அவன் அப்பா தோஹாவிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது அசுஸ் ஆர்ஓஜி அலை என்ற கையடக்க கேம் கருவி ஒன்றை வாங்கி வந்திருந்தார். அதை ஹாலில் இருக்கும் பெரிய டிவியில் போட்டு விளையாட வேண்டும் என்று ஆன்லைனில் ஒரு டாக், அதாவது கருவியை டிவியோடும் சார்ஜரோடும் இணைக்கும் பெட்டி, வாங்கியிருக்கிறான்.

"மாமா, எல்லாம் மாட்டிட்டேன். படம் வருது, போவுது, வருது, போவுது. டாக்கு கெட்டுப்போச்சா?"

"மக்கா, டாக்குல எந்த சார்ஜரைக் குத்தியிருக்க?"

"போன் சார்ஜர்தான் மாமா. 67 வாட். கூட வந்தது 65 வாட்தானே, அதைவிட இது ரெண்டு கூடுதல்."

"அதைக் கழட்டிட்டு வெறும் பேட்டரியில வச்சுப் பாரு."

கழற்றியதும் படம் அசையாமல் நின்றது. டாக்கில் ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் போய் அந்த போன் சார்ஜரின் அடிப்பக்கத்து எழுத்தை டார்ச் அடித்துப் படித்தோம். '11 வோல்ட் – 6.1 ஆம்பியர்' என்று இருந்தது. பெருக்கினால் 67 வாட் வருவது உண்மைதான். ஆனால் 11 வோல்ட் என்பது அந்த போனும் அந்த சார்ஜரும் மட்டும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கணக்கு. கேம் கருவியும் டாக்கும் கேட்பது பவர் டெலிவரி என்ற பொது முறை, சுருக்கமாக பி.டி. அதில் வழக்கமான படிகள் 5, 9, 15, 20 வோல்ட். போதாக்குறைக்கு அந்த சார்ஜரின் வாய் தட்டையான பழைய டைப்-ஏ. அந்த வாயிலிருந்து டைப்-சி கேபிள் போட்டால் பி.டி. கிடைக்காது. 67 வாட் என்று நம்பிக் குத்தியதில் டாக்குக்குப் போய்ச் சேர்ந்தது வெறும் 5 வோல்ட்.

கருவியோடு வந்த நல்ல சார்ஜரை ஏன் விட்டாய் என்று கேட்டேன். அது கத்தார் சார்ஜர், முனைகள் சதுரம், நம் பிளக்கில் ஏறாது. கன்வெர்ட்டர் போட்டால் ஆடுகிறதாம். அதனால் போன் சார்ஜரை எடுத்திருக்கிறான். நம் குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பதால், இந்தச் சதுர முனைக் கதையை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன்.

டாக் வாங்கப் போகிறவர்கள் டாக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை துளை, என்ன நிறம், எத்தனை நட்சத்திரம் என்று. டாக் கடைசியில் வரவேண்டிய பொருள். முதலில் கையில் இருக்கும் கருவி, பிறகு சுவரில் இருக்கும் டிவி, பிறகு சார்ஜரும் கேபிளும். இந்த மூன்றையும் தாளில் எழுதிவிட்டால் எந்த டாக் வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

ஒரே துளைக்குள் என்னென்ன ஓடுகிறது

ஹேண்ட்ஹெல்ட் கருவியில் பெரும்பாலும் ஒரே ஒரு டைப்-சி துளைதான். டாக் போட்டதும் அந்த ஒரு துளை வழியாகப் படமும் ஒலியும் வெளியே போகின்றன, சார்ஜ் உள்ளே வருகிறது, கன்ட்ரோலர், கீபோர்டு, இன்டர்நெட் கேபிள் எல்லாம் இரண்டு பக்கமும் ஓடுகின்றன.

மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நடந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். 1966இல் கட்டியது, பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் கால்வாய்த் தண்ணீரை ஒரு மலையிலிருந்து மறு மலைக்குக் கொண்டுபோகிறது. இந்தப் பக்கம் கால்வாயில் எவ்வளவு வந்தாலும், அந்தத் தொட்டி கொள்ளும் அளவுதான் மறுகரைக்குப் போகும். டாக்கும் அப்படித்தான். கருவி 4கே 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 முறை மாறும்) படம் அனுப்பக்கூடியதாக இருக்கலாம், டிவியும் அதைக் காட்டக்கூடியதாக இருக்கலாம். நடுவில் இருக்கும் டாக்கின் தொட்டி சின்னதென்றால் டிவியில் விழுவது 30 ஹெர்ட்ஸ்தான். எதிர்த்திசையிலும் அதே கதை: சின்ன டிவிக்குப் பெரிய தொட்டி கட்டுவது வீண் செலவு.

முதல் வேலை: உங்கள் கருவி படத்தை வெளியே தருமா?

டைப்-சி துளை இருப்பதாலேயே படம் வெளியே வரும் என்று நினைக்கக் கூடாது. அந்தத் துளைக்கு டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்ற வசதி இருந்தால்தான் படம் வரும். நின்டெண்டோ சுவிட்ச் லைட்டுக்கு அது கிடையாது; எந்த டாக் வாங்கினாலும் டிவியில் வராது. பிளேஸ்டேஷன் போர்ட்டலும் டைப்-சி வழியாகப் படம் தருவதில்லை. இந்த இரண்டில் ஒன்றை வைத்திருந்தால் இந்தத் தேடலையே நிறுத்திவிடலாம், காசு மிச்சம். பழைய கேம்களை ஓட்டும் மலிவு விலைக் கருவிகள் சிலவற்றில் மினி எச்டிஎம்ஐ துளையே இருக்கும். அதற்கு ஒரு கேபிள் போதும்.

ஸ்டீம் டெக் 2022இல் வந்தது, ஓலெட் மாடல் 2023 நவம்பரில். இரண்டுமே டிஸ்ப்ளேபோர்ட் 1.4 தருகின்றன. இரண்டுக்கும் சார்ஜர் 45 வாட், அதாவது 15 வோல்ட், 3 ஆம்பியர். அதிகாரப்பூர்வ டாக் தனியாக இருக்கிறது. ஆனால் மற்ற நிறுவனங்களின் நல்ல டாக்குகளோடும் ஸ்டீம் டெக் ஒத்துப்போகும். புதிதாக வாங்குகிறவர்களுக்கு டாக் விஷயத்தில் மிகவும் தொந்தரவில்லாத கருவி இதுதான் என்பது என் அனுபவம்.

2023இல் வந்த ஆர்ஓஜி அலைக்கு 65 வாட் சார்ஜர். பேட்டரியில் ஓடும்போது டர்போ நிலையில் 25 வாட் வரையும், சார்ஜரில் குத்தியிருக்கும்போது 30 வாட் வரையும் அதன் சிப் எடுத்துக்கொள்ளும். அந்த முழு வேகம் வேண்டுமென்றால் மின்சாரம் குறையாமல் வர வேண்டும். லெனோவோ லீஜியன் கோவுக்கும் 65 வாட்தான். அதில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு யுஎஸ்பி 4 துளைகள் இருப்பது பெரிய வசதி.

நின்டெண்டோ தனிச் சாதி. 2017இல் வந்த முதல் சுவிட்ச் டிவியில் படம் காட்ட 15 வோல்ட் கேட்கும். அதன் சார்ஜர் 15 வோல்ட், 2.6 ஆம்பியர். 9 வோல்ட் மட்டும் தரும் போன் சார்ஜரை டாக்கில் குத்தினால் டிவியில் படம் வராது. 2018இல் ஒரு மென்பொருள் மாற்றத்துக்குப் பிறகு வேறு நிறுவன டாக்குகளில் வைத்த சில சுவிட்சுகள் உயிரே போய் நின்றன. அன்றிலிருந்து, சுவிட்ச் வைத்திருக்கிறவர்களுக்கு நான் நின்டெண்டோவின் சொந்த டாக்கைத் தவிர வேறு எதையும் சொல்வதில்லை. நூறு டாக்கில் தொண்ணூறு ஒழுங்காக வேலை செய்யலாம். மீதிப் பத்தில் உங்களுடையது மாட்டினால் நஷ்டம் டாக்கின் விலை அல்ல, கருவியின் விலை.

2025 ஜூன் 5 அன்று வந்த சுவிட்ச் 2 இன்னும் கறார். பழைய சுவிட்ச் டாக் இதற்கு ஆகாது, பழைய சார்ஜரும் இதன் டாக்குக்குப் போதாது. புதிய சார்ஜர் 60 வாட், 20 வோல்ட். இரண்டு டைப்-சி துளைகள் இருந்தாலும் டிவிக்குப் படம் தருவது கீழே இருப்பது மட்டும். சொந்த டாக்கில் 4கே 60 ஹெர்ட்ஸ் வரை வரும். 1080பி (ஃபுல் எச்டி), 1440பி என்றால் 120 ஹெர்ட்ஸ். அண்ணன் வீட்டில் பழைய சுவிட்ச் டாக் சும்மா கிடக்கிறது, அதையே சுவிட்ச் 2க்கு வைத்துக்கொள்ளலாமா என்று நாகர்கோவிலில் ஒருவர் கேட்டார். முடியாது.

இரண்டாவது: டிவியைத் திருப்பிப் பாருங்கள்

நம் வீடுகளில் இருக்கும் 32 அங்குல டிவிகளில் நிறைய 'எச்டி ரெடி' வகை. அதன் உண்மையான அளவு 1366க்கு 768 புள்ளிகள். அதற்கு 4கே 120 ஹெர்ட்ஸ் டாக் வாங்கித் தருவது குளத்துக்குக் கப்பல் வாங்குவது போல. மாடல் எண்ணைப் பின்னாலிருந்து குறித்துக்கொண்டு, அது எச்டி ரெடியா, ஃபுல் எச்டியா, 4கேயா என்று பாருங்கள். 4கே என்றால், எந்த எச்டிஎம்ஐ துளையில் 60 ஹெர்ட்ஸ் எடுக்கும் என்றும் பாருங்கள். துளையின் பக்கத்திலேயே சில டிவிகளில் எழுதியிருக்கும். இன்னும் சிலவற்றில் அந்தத் துளைக்கு மட்டும் செட்டிங்கில் மேம்பட்ட நிலையை ஆன் செய்தால்தான் 4கே 60 வரும்.

இருக்கும் எச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றில் செட்-டாப் பாக்ஸ், இன்னொன்றில் சவுண்ட் பார் என்று ஏற்கெனவே நிரம்பியிருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். டாக் வந்த பிறகு துளை இல்லாமல் தினமும் கழற்றி மாட்டினால் துளை தேய்ந்து ஆடத் தொடங்கிவிடும்.

கையில் இருப்பது டைப்-சி துளையோடு வரும் கணினி மானிட்டர் என்றால் ஒரு நல்ல செய்தி. அந்தத் துளை படத்தை வாங்கி, 65 வாட் சார்ஜும் தரும் வகையாக இருந்தால், உங்களுக்கு டாக்கே வேண்டாம். படம், சார்ஜ் இரண்டையும் கடத்தும் ஒரு முழு வசதி டைப்-சி கேபிள் போதும்.

இனி 4கே ஆசை பற்றி. ஸ்டீம் டெக்கின் சொந்தத் திரை 1280க்கு 800தான். அந்த அளவுக்கு ஏற்ற சிப்தான் உள்ளே இருக்கிறது. புதிய பெரிய கேம்களை 4கேயில் ஓட்டும் பலம் அதற்கில்லை. ஆர்ஓஜி அலைக்கும் லீஜியன் கோவுக்கும்கூட 1080பி-யே பல கேம்களில் கடினமான வேலை. ஆகவே 1080பி, 60 ஹெர்ட்ஸ் நிலையாக வந்தால் அது நல்ல டாக். பெட்டியில் '4கே 30 ஹெர்ட்ஸ்' என்று எழுதிய மலிவு டாக்குகளை எல்லோரும் திட்டுகிறார்கள். ஆனால் அதே டாக் 1080பி என்றால் 60 ஹெர்ட்ஸ் தாராளமாகத் தரும். பிரச்சினை எங்கே வருகிறது என்றால், 4கே டிவியைப் பார்த்ததும் கருவி தானாக 4கே 30-ஐப் பிடித்துக்கொள்கிறது. சுட்டி இழுத்து இழுத்து நகரும், கேம் திக்கித் திக்கி ஓடும். செட்டிங்கில் போய் 1080பி 60 என்று மாற்றினால் சரியாகிவிடும். ஃபுல் எச்டி டிவி வைத்திருப்பவர் இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கவே வேண்டாம்.

4கே டிவியில் மெனுவும் வீடியோவும் பழைய கேம்களும் கூர்மையாகத் தெரிய வேண்டும் என்றால், 'எச்டிஎம்ஐ 2.0, 4கே 60 ஹெர்ட்ஸ்' என்று தெளிவாக எழுதியதை வாங்குங்கள். '4கே' என்று மட்டும் எழுதி ஹெர்ட்ஸைச் சொல்லாமல் விட்டால் அது 30 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: மின்சாரக் கணக்கு

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். நான் பார்த்த டாக் புகார்களில் பெரும்பாலானவை கடைசியில் சார்ஜரிலோ கேபிளிலோ போய் முடிந்திருக்கின்றன.

சார்ஜர் டாக்குக்குள் போகிறது, டாக்கிலிருந்து கருவிக்குப் போகிறது. நடுவில் டாக் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். எச்டிஎம்ஐ மாற்றும் சிப், லேன் (இன்டர்நெட் கேபிள்) சிப், யுஎஸ்பி துளைகளில் குத்தும் சாமான்கள் எல்லாவற்றுக்கும் சோறு போட வேண்டுமே. பெட்டியில் '100 வாட் உள்ளே, 85 வாட் வெளியே' என்று இருந்தால், 15 வாட்டை டாக் தனக்கு ஒதுக்கிக்கொண்டது என்று பொருள். இப்போது ஆர்ஓஜி அலையின் 65 வாட் சார்ஜரை அந்த டாக்கில் குத்தினால் கருவிக்குப் போவது 50 வாட் அளவுதான். சார்ஜ் ஏறும், ஆனால் பெரிய கேம் ஓடும்போது ஆமை வேகத்தில் ஏறும், முழு வேகமும் கிடைக்காமல் போகலாம்.

ஆகவே கணக்கை இப்படிப் போடுங்கள். கருவி கேட்பது எவ்வளவோ அதோடு 15 முதல் 20 வாட் கூட்டுங்கள். ஸ்டீம் டெக்குக்கு 45, கூட்டினால் 65 வாட் சார்ஜர் வசதி. ஆர்ஓஜி அலைக்கும் லீஜியன் கோவுக்கும் 65, கூட்டினால் 85. கடையில் அடுத்து கிடைப்பது 100 வாட். சார்ஜர் பெரிதாக இருப்பதால் கருவிக்குக் கெடுதல் இல்லை. பி.டி. முறையில் கருவி கேட்பதைத்தான் சார்ஜர் கொடுக்கும். சின்னக் குழந்தைக்கு வாளி நிறைய ஊட்டிவிடாது.

சார்ஜரின் அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் வரிகளைப் படியுங்கள். 5, 9, 15, 20 வோல்ட் நான்கும் இருக்கிறதா? ஸ்டீம் டெக்குக்கும் முதல் சுவிட்சுக்கும் 15 முக்கியம். மற்றவற்றுக்கு 20. சில சார்ஜர்களில் 9, 12, 20 என்று இருந்து 15 விடுபட்டிருக்கும். இரண்டு துளை, மூன்று துளை சார்ஜர்களில் இன்னொரு வில்லங்கம்: பக்கத்துத் துளையில் போனைக் குத்தியதும் 100 வாட் இரண்டாகப் பிரிந்துவிடும். வீட்டில் யாரோ போன் சார்ஜ் போட்ட நொடியில் டிவியில் படம் கறுத்துத் திரும்பி வரும். பேய் பிடித்த டாக் என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்து கேபிள். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர் தாங்கும், அதாவது 60 வாட் வரை. அதற்கு மேல் வேண்டுமென்றால் முனையில் அடையாளச் சிப் வைத்த 5 ஆம்பியர் கேபிள் தேவை. '100 வாட்' அல்லது '240 வாட்' என்று கேபிளிலேயே எழுதியிருக்கும். 100 வாட் சார்ஜரையும் 100 வாட் டாக்கையும் வாங்கிவிட்டு, மேசை இழுப்பறையில் கிடந்த போன் கேபிளை நடுவில் போட்டால் எல்லாம் 60-க்குள் அடங்கிவிடும்.

வளைகுடாவிலிருந்து வந்த சார்ஜரைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் '100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று எழுதியிருந்தால் நம் மின்சாரத்துக்கு அது சரியானதே. பிரச்சினை முனை மட்டும்தான். மலிவு கன்வெர்ட்டர் ஆடும், பொறி தெறிக்கும், கருகும். அக்கா மகனுக்கு பிஐஎஸ் என்ற இந்தியத் தரக் குறியும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் போட்ட 100 வாட் இந்தியச் சார்ஜர் ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். டாக் அதேதான். அன்றிலிருந்து படம் போகவில்லை.

நான்காவது: இப்போது டாக்கின் பெட்டியைப் படிக்கலாம்

இவ்வளவையும் எழுதி வைத்துவிட்டால் பெட்டியில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். உள்ளே எத்தனை வாட், வெளியே எத்தனை வாட். எச்டிஎம்ஐயில் எந்த அளவுக்கு எத்தனை ஹெர்ட்ஸ். உங்கள் கருவியின் பெயர் பொருந்தும் பட்டியலில் இருக்கிறதா. 'லேப்டாப்புக்கு' என்று விற்கும் டைப்-சி ஹப்புகளும் ஸ்டீம் டெக்கிலும் ஆர்ஓஜி அலையிலும் பெரும்பாலும் வேலை செய்யும். கேம் என்று பெயர் போட்டதற்காகக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை.

இரண்டு வகையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஒன்று, டிஸ்ப்ளேலிங்க் முறையில் படம் தரும் டாக். அது டிரைவர் மென்பொருள் நிறுவினால்தான் ஓடும். ஸ்டீம் டெக்கில் ஓடும், லினக்ஸ் அடிப்படையிலான ஸ்டீம்ஓஎஸ்ஸில் அது தலைவலி, விண்டோஸிலும் கேமுக்கு நல்லதல்ல. இரண்டு, அலுவலகங்களில் கழித்துவிட்ட பழைய தண்டர்போல்ட் 3 டாக். திருவனந்தபுரம் பக்கம் செகண்ட்ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வருகிறார்கள். தண்டர்போல்ட் என்பது டைப்-சி துளையில் வரும் ஓர் அதிவேக இணைப்பு முறை; அது இல்லாத கருவிகளில் அந்த டாக்குகளில் பல வேலையே செய்யாது. ஸ்டீம் டெக்கில் தண்டர்போல்ட் இல்லை.

யுஎஸ்பி துளைகள் மூன்று இருந்தால் தாராளம். லேன் துளை இருப்பதை நான் விரும்புவேன். பெரிய கேம்கள் 100 ஜிபிக்கு மேல் இறங்குகின்றன. வீட்டில் ஃபைபர் மோடம் பெரும்பாலும் டிவிக்குப் பக்கத்திலேயே இருக்கும், கேபிள் இழுப்பது சுலபம். மெமரி கார்டு துளை, ஹெட்போன் துளை எல்லாம் கருவியிலேயே இருக்கின்றன. அதற்காகப் பணம் கொடுக்காதீர்கள்.

ஐந்தாவது: உட்காரும் விதம்

ஸ்டீம் டெக்குக்கும் ஆர்ஓஜி அலைக்கும் டைப்-சி துளை மேலே. சுவிட்சுக்குக் கீழே. ஆகவே மேலே துளை உள்ள கருவிகளுக்கு டாக்கிலிருந்து ஒரு சாண் கேபிள் புறப்பட்டு, பின்னால் வளைந்து மேலே வர வேண்டும். கேபிளின் முனை 'எல்' வடிவில் மடங்கியிருந்தால் துளைக்கு இழுவை குறையும். டாக்குக்குள் முனை நிலையாகப் பதித்த வகை ஒரே ஒரு கருவிக்குத்தான் பொருந்தும். வேறு கருவிக்கு மாறினால் அதுவும் மாற வேண்டும்.

கருவிக்கு ரப்பர் உறை போட்டிருக்கிறீர்களா? உறையோடு உட்காருமா என்று அளந்து பாருங்கள். உறையின் தடிப்பால் டைப்-சி முனை முழுதாக இறங்காமல் அரை மில்லிமீட்டர் வெளியே நிற்கும். சார்ஜ் ஏறும், படம் வராது. இதை மூன்று பேருக்கு நான் உறையைக் கழற்றியே சரிசெய்திருக்கிறேன்.

ஸ்டீம் டெக்கும் அலையும் பின்பக்கத்தில் காற்றை இழுத்து மேலே சூடாக விடுகின்றன. டாக்கின் முதுகுப் பலகை அந்தப் பின்பக்கத் துளைகளை மூடக் கூடாது. டிவிக்குக் கீழே கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டால், ஏப்ரல் மாத மதியத்தில் கால் மணி நேரம்கூட நிம்மதியாக ஓடாது.

நம் ஊருக்கென்று சில கவனங்கள்

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி மாதிரிக் கடலோரத்தில் வீடு இருந்தால் உப்புக்காற்று முதலில் தின்பது உலோக முனைகளை. எச்டிஎம்ஐ கேபிளின் மூக்கில் பச்சையும் பழுப்பும் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தினமும் விளையாடாத வீட்டில் டாக்கைத் துணி உறையில் போட்டு உள்ளே வையுங்கள். சிலிக்கா பொட்டலம் இரண்டு சேர்த்துப் போட்டால் நல்லது. துளையில் வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உப்போடு சேரும்.

நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஐப்பசியில் சாயங்காலத்து இடிதான் ஆபத்து. சார்ஜரை மட்டும் பிடுங்கிவிட்டுக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைக்கிறோம். இடியின் வேகம் கேபிள் டிவி வயரில் ஏறி, செட்-டாப் பாக்ஸ் வழியாக டிவிக்குள் வந்து, எச்டிஎம்ஐ கேபிளில் இறங்கி டாக்குக்கும் அங்கிருந்து கருவிக்கும் போகும். லேன் கேபிள் இன்னொரு வழி. மேகம் இருண்டால் கருவியை டாக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அதுவே போதும், அதுவே நிச்சயம்.

மொசைக் தரையில் வெறுங்காலோடு நின்று அலுமினியம் டாக்கைத் தொட்டால் விரலில் 'சுர்' என்று ஓர் அதிர்வு தெரிகிறதா? இரண்டு முனை சார்ஜர்களில் ஏற்படும் சின்னக் கசிவு அது. டிவியிலும் கேபிள் வயரிலும் அதே போல இருந்தால், எச்டிஎம்ஐயைக் குத்தும் நொடியில் அந்த மின்னழுத்த வேறுபாடு துளை வழியாகப் பாயும். எல்லாவற்றையும் சுவர் சுவிட்சில் அணைத்துவிட்டு எச்டிஎம்ஐயை முதலில் குத்துங்கள், சார்ஜரைக் கடைசியில் போடுங்கள். அதிர்வு பலமாக இருந்தால் டாக்கை விடுங்கள், எலெக்ட்ரீஷியனை வரச்சொல்லி வீட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் அந்த ஒரு நொடி. கருவியில் பேட்டரி இருப்பதால் கேம் நிற்காது, ஆனால் டாக் ஒரு கணம் செத்துப் பிழைக்கும். டாக்கில் வெளி ஹார்ட் டிஸ்க்கைக் குத்தி அதிலிருந்து கேம் ஓட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கணத்தில் டிஸ்க் அறுந்து, எழுதிக்கொண்டிருந்த கோப்பு கெட்டுப்போகலாம். அடிக்கடி கரண்ட் போகும் இடத்தில் இருப்பவர்கள் கேமை உள் சேமிப்பிலோ கருவியின் மெமரி கார்டிலோ வையுங்கள். டாக்கில் டிஸ்க் வேண்டாம்.

மாட்டிய பிறகு

டிவியில் 'கேம் மோட்' ஆன் செய்யுங்கள். பொத்தானை அழுத்தியதற்கும் ஆள் குதிப்பதற்கும் நடுவில் இருக்கும் தாமதம் அதிலேயே பெரும்பகுதி குறைந்துவிடும். படத்தின் ஓரங்கள் டிவிக்கு வெளியே போய் வெட்டுப்பட்டால் டிவியின் பட அளவு செட்டிங்கில் 'ஸ்க்ரீன் ஃபிட்' அல்லது 'ஜஸ்ட் ஸ்கேன்' என்று இருக்கும், அதை வையுங்கள்.

ஸ்டீம் டெக்கில் டிவியில் படம் மங்கலாகத் தெரிந்தால் அந்த கேமின் பண்புகளில் கேம் ரெசல்யூஷனை 1920க்கு 1080 என்று மாற்றுங்கள். திணறினால் 1280க்கு 720. ஓடுவது மென்மையாக இருந்தால் புள்ளிகள் குறைவதைக் கண் ஐந்து நிமிடத்தில் மறந்துவிடும்.

வயர்லெஸ் கன்ட்ரோலரின் சின்ன டாங்கிளை (யுஎஸ்பியில் குத்தும் ரிசீவர்) டாக்கின் நீல நிற யுஎஸ்பி 3 துளைக்குப் பக்கத்தில் குத்தினால் சில நேரம் பொத்தான் விடுபடும். யுஎஸ்பி 3 வேலை செய்யும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் விழுவதே காரணம். ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு டாங்கிளை ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

படமே வரவில்லை என்றால் பதறி டாக்கைத் திட்டாமல் ஒவ்வொன்றாகப் போங்கள். டிவியில் சரியான எச்டிஎம்ஐ எண்ணைத் தேர்ந்தெடுத்தீர்களா. டாக்கிலிருந்து சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் பாருங்கள். படம் வந்துவிட்டால் குற்றவாளி சார்ஜர் பக்கம். வரவில்லையென்றால் எச்டிஎம்ஐ கேபிளை செட்-டாப் பாக்ஸின் கேபிளோடு மாற்றிப் பாருங்கள். உறையைக் கழற்றுங்கள். கருவியை முழுதாக அணைத்து, டாக்கில் வைத்த பிறகு ஆன் செய்யுங்கள். கருவியின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். ஸ்டீமின் சொந்த டாக் என்றால் டாக்குக்கும் தனியாகப் புதுப்பிப்பு உண்டு. கடைசியாக அதே டாக்கில் படம் தரும் வேறு கருவியையோ லேப்டாப்பையோ வைத்துப் பாருங்கள். அதிலும் வரவில்லையென்றால்தான் டாக் கெட்டது.

இந்தச் சோதனை எல்லாவற்றையும் வாங்கிய முதல் வாரத்திலேயே, ஒரு மணி நேரம் தொடர்ந்து விளையாடி முடித்துவிடுங்கள். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கடையில் வாங்குவதென்றால், கருவியையும் சார்ஜரையும் பையில் போட்டுக்கொண்டு போய் அங்கேயே மானிட்டரில் குத்திக் காட்டச் சொல்லுங்கள். ஆன்லைன் என்றால் திருப்பி அனுப்பும் கடைசித் தேதியைப் பெட்டியின் மேலேயே பேனாவால் எழுதி வைத்து, அந்தத் தேதி வரை பில்லையும் பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள்.